கனகாம்பரத்துக்கு ஒரு மூக்கு

"சில்லறை அப்பறம் தரேன். மொதல்ல இத மோந்து பாத்து சொல்லு நைனா" என்று கண்டக்டர் கோவர்த்தனன், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவரின் மூக்குக்கு நேரே ஒரு கனகாம்பரப் பூவை நீட்டினார். காலை ஆறரை மணி பஸ் நகரியை விட்டு ஒரு மைல்கூடப் போயிருக்காது. உட்கார்ந்திருந்தவர் வாய்தாவுக்காகத் திருப்பதி கோர்ட்டுக்குப் போகிறவர். மடியில் தஸ்தாவேஜுக் கட்டு, மனசெல்லாம் எதிர்க்கட்சி வக்கீல். பூவைப் பார்த்தார், கண்டக்டரைப் பார்த்தார், சில்லறை திரும்பி வரவேண்டுமே என்று "வருது, வருது" என்றார்.

"இன்னா வருது?"

"அதான், வாசன."

"நீ மூச்சே இழுக்கலியே. இழுத்துட்டு சொல்லு."

அவர் இழுத்தார். இஞ்சின் புகை, பக்கத்து சீட்டுக் கூடையிலிருந்த கோழி, முன் சீட்டுக்காரரின் பீடி எல்லாம் சேர்ந்து உள்ளே போயின. பெரிதாக ஒரு தும்மல் தும்மினார். தும்மலை உண்டு என்று கணக்கில் சேர்ப்பதா, இல்லை என்று சேர்ப்பதா என்று கோவர்த்தனனுக்குத் தெரியவில்லை. சற்று யோசித்துவிட்டு அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.

நகரிக்கும் திருப்பதிக்கும் ஓடுகிற அந்தத் தனியார் பஸ்ஸில் அவர் பதினாறு வருஷமாகக் கண்டக்டர். ஒல்லி உடம்பு. காக்கிக் கோட்டின் இடது பை எப்போதும் ஈரமாக இருக்கும். ஈரத்துணியில் சுற்றிய பூக்களை அதில்தான் வைத்திருப்பார். கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறம் உண்டு, கனமில்லை, இரண்டு நாள் வாடாது, ஆனால் மூக்கில் வைத்து அழுத்தினாலும் ஒன்றும் வராது. மணக்கிற கனகாம்பரம் என்று ஒரு புதுச் செடியை உண்டாக்கியே தீர்வது என்று அவர் பன்னிரண்டு வருஷமாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

அதுவும் பஸ்ஸில் ஆரம்பித்ததுதான். தினமும் பூக்கூடைகள் பஸ் கூரைமேல் ஏறித் திருப்பதிக்குப் போகும். மல்லி போகும், சாமந்தி போகும், மரு போகும், தாழம்பூகூடப் போகும். கனகாம்பரம் பெண்கள் தலையில் உட்கார்ந்து போகுமே தவிர, சாமிக்கென்று கூடையில் ஏறாது. வாசனையில்லாத பூ சாமிக்கு ஆகாது என்று பூக்காரர்கள் சொன்னார்கள். கோவர்த்தனனுக்கு அது தாங்கவில்லை. "டிக்கெட்டு எட்த்தவன நடுவழில எறக்கி வுட்ட மாதிரி கீது" என்று டிரைவர் சிட்டிபாபுவிடம் அன்றைக்கெல்லாம் புலம்பினார். சிட்டிபாபு ஒரே மூச்சில் இரண்டு பாஷை பேசுகிறவர். "பூவே சும்மா கீது, நீக்கேமி கோபம், உனுக்கு இன்னா?" என்று கேட்டுவிட்டு கியரை மாற்றினார்.

வீட்டுக்குப் பின்னால் இருநூறு தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் குச்சி நுனியில் ஒரு பழைய டிக்கெட் குத்தியிருக்கும். அதில் அச்சடித்திருக்கிற ஊர்தான் செடியின் பெயர். ஒரு செடி புத்தூர், ஒரு செடி ரேணிகுண்டா, ஒரு செடி நாராயணவனம். "புத்தூருக்கு எறும்பு வந்துடுச்சி, ரேணிகுண்டா தேவல" என்று அவர் காலையில் சொல்வதைக் கேட்கிற விருந்தாளிகள் திகைத்துப்போவார்கள். காலில் தைத்த முள்ளை எடுக்கிற முள்வாங்கியால் அரும்பின் இதழைப் பிடித்து இழுப்பார். இதழோடு ஒட்டிக்கொண்டு மகரந்தமும் வந்துவிடும். பிறகு வேறொரு செடியின் மகரந்தத்தைக் கோழி இறகு நுனியில் தொட்டு, மொட்டையாக நிற்கிற பூவில் தடவுவார். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் சம்பந்தம் செய்தோம் என்று நோட்டில் எழுதிக்கொள்வார். இந்த வேலையின்போதும் வாயில் விசில் இருக்கும். கை தவறினால் ஒரு ஊதல், சரியாக முடிந்தால் இரண்டு ஊதல். பக்கத்து வீடுகளில் தறி நெய்கிறவர்கள் அதை வைத்தே அன்றைக்கு அவர் எந்த மனநிலையில் வேலைக்குப் போகிறார் என்று கண்டுகொள்வார்கள்.

கனகாம்பரத்தின் காய்க்கு ஒரு குணம் உண்டு. காய்ந்து நிற்கிற காயில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், பட்டென்று வெடித்து விதையை நாலு திசைக்கும் எறிந்துவிடும். ஒரு நாள் பஸ் வடமாலைப்பேட்டையைத் தாண்டும்போது தூறல் விழுந்தது. அன்றைக்குக் காய்களை மூடாமல் வந்துவிட்டார். ஒரு ஊதல் ஊதினார். பஸ் நின்றது. இறங்கினார். எதிரே நகரிப் பக்கம் போன செங்கல் லாரியில் தொற்றிக்கொண்டு போய்விட்டார். சிட்டிபாபு இரண்டாவது ஊதலுக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் வாயால் சீட்டியடிக்கத் தெரிந்த ஒரு பயணியை அடிக்கச் சொல்லி பஸ்ஸை எடுத்தார். அன்று திருப்பதி வரைக்கும் பாதிப்பேர் டிக்கெட் இல்லாமல் போனார்கள். முதலாளி ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். அந்த வாரம் முழுக்கக் கோவர்த்தனன் பக்கத்து வீட்டுக் கூரையிலும், நெய்கிறவரைக் காலைத் தூக்கச் சொல்லி அவருடைய தறிக்குழியிலும் விதை பொறுக்கினார்.

இதிலெல்லாம் பெரிய சங்கடம் ஒன்றிருந்தது. வாசனை தேடுகிறவருக்கே மூக்கு கிடையாது. இருபது வருஷம் பொடி போட்டதில், அது மூச்சு விடுவதற்கு மட்டும் உதவுகிற உறுப்பாகிவிட்டது. பொடியை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் மூக்கு திரும்பவில்லை. "கருவாடு தீஞ்சாகூட எனுக்குத் தெரியாது" என்று அவரே ஒத்துக்கொள்வார். போன ஆவணியில் நாராயணவனம் முதல் தடவையாகப் பூத்தபோது, அந்தப் பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்ட ஒரு டீச்சரம்மா, "லேசா வாசனை வர்ற மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் புத்தூரில் இறங்கிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த அம்மாளைக் காணவில்லை. அந்த 'மாதிரி'யைப் பிடித்துக்கொண்டுதான் அவர் பஸ்ஸில் மூக்கு தேட ஆரம்பித்தார்.

வீட்டில் ஒரு நல்ல மூக்கு இருந்தது. ஆனால் அதைக் கேட்க முடியாது. அவர் மனைவி செல்லியம்மாவுக்கு எருமை வேண்டும். தொட்டிகள் நிற்கிற இடத்தில் கொட்டகை போட்டு, தன் தம்பி சந்திரன் வளர்க்கிற எருமையைக் கொண்டுவந்து கட்ட வேண்டும் என்று அவள் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு மறுநாள் பேச்சு முற்றி, இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தை பிறப்பதற்குள் நாராயணவனத்துக்கு வாசனை உண்டு என்று தீர்ந்தால் தொட்டிகள் இருக்கும். இல்லையென்றால் எருமை வரும். அன்றைக்கே அவர் பூவை அவளிடம் நீட்டிப் பார்த்தார். "நான் வாசன இல்லன்னா எருமைக்காக சொல்றேன்னுவ. கீதுன்னா உன் மனசுக்காக சொல்றேன்னுவ. போயி ஊரு மூக்குல கேட்டுக்கோ" என்று அவள் விலகிக்கொண்டாள்.

ஊர் மூக்கில் கேட்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்தார். டிக்கெட்டில் துளை போடுகிற பஞ்ச் கருவியால், வாசனை உண்டு என்பவருக்கு ஓர் அட்டையில் இரண்டு துளை, இல்லை என்பவருக்கு ஒரு துளை. பத்துப் பதினைந்து நாள் இது யாருக்கும் தொந்தரவில்லாமல் நடந்தது.

ஆனால் அது எல்லை பிரிக்கிற வருஷம். எந்தக் கிராமம் ஆந்திராவில் நிற்கும், எது மதராஸுக்குப் போகும் என்று டீக்கடைக்கு டீக்கடை சண்டை. இரண்டு கட்சிக்காரர்களும் வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் ஒரு கண்டக்டர் ஒவ்வொருவரிடமும் எதையோ கேட்டு, சிலருக்கு இரண்டு துளையும் சிலருக்கு ஒரு துளையும் போட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு துளை மதராஸ், ஒரு துளை ஆந்திரா, பூ வெறும் சாக்கு என்று புத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ கண்டுபிடித்துச் சொன்னார். மறுநாளே ஏகாம்பரகுப்பத்தில் பதினேழு பேர் கும்பலாக ஏறினார்கள். கோவர்த்தனன் பைக்குள் கை விடுவதற்கு முன்பே "வாசன தூக்குது" என்றார்கள். அன்று திரும்பும்போது ரேணிகுண்டாவில் ஏறிய இருபது பேர், மூக்கைப் பொத்திக்கொண்டே "வாசன லேது, வாசன லேது" என்றார்கள்.

"ஐயா, இது பூ. சத்தியமா வெறும் பூ" என்று அவர் கெஞ்சினார். அப்படித்தானே சொல்லவேண்டும் என்று அவர்கள் கண்ணடித்தார்கள். மைசூர் எல்லையை ஒட்டிய குப்பம் ஊர் வியாபாரி ஒருவர், தங்கள் ஊரில் மூன்று பாஷை இருப்பதால் தமக்கு மூன்று துளை போட வேண்டும் என்றார். கார்வேட்டிநகரத்திலிருந்து ஓர் ஆள் பஸ் மாறி வந்து, எங்கள் பக்கத்துக்கு ஏன் இன்னும் பூ வரவில்லை என்று சட்டையைப் பிடித்தார். ஓர் அம்மாள் தன் புருஷன் என்ன சொல்லிவிட்டுப் போனான் என்று விசாரித்து, அதற்கு நேர் எதிராகச் சொன்னாள். எங்குமே போக வேண்டியிராத ஒரு கிழவர் ஏறி, துளையைப் போட்டுக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து போனார். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். கூட்டம் தாங்காமல் தினம் ஒரு நடை கூடுதலாக விட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக வந்து அட்டைகளைக் கேட்டார்கள். "இதுல ஊரு இல்ல சார், மூக்குதான் கீது" என்று அவர் இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். இருவருமே, இவன் அந்தப் பக்கத்து ஆள் என்று முடிவு செய்துகொண்டு போனார்கள்.

கடைசியில் சிட்டிபாபுவிடம் பூவை நீட்டினார். சிட்டிபாபு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் பொண்டாட்டி ஊரு அந்தப் பக்கம், எங்கம்மா ஊரு இந்தப் பக்கம். என்ன வுட்டுடுண்ணா" என்றார்.

எல்லையைப் பற்றித் தெரியாத மூக்கு ஒன்றாவது கிடைக்காதா என்று அவர் ஏங்கிக்கொண்டிருந்தபோது, மார்கழிக் கடைசியில், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய வடக்கத்திக் குடும்பம் ஒன்று திருப்பதியில் ஏறியது. மொத்தம் பதினோரு பேர். ஒருவருக்கும் தமிழும் தெரியாது, தெலுங்கும் தெரியாது. கோவர்த்தனனுக்கு முகம் மலர்ந்தது. காலையில்தான் பறித்த நாராயணவனத்துப் பூக்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, தன் மூக்கைத் தொட்டு, மூச்சை இழுத்து, புருவத்தை உயர்த்திக் காட்டினார். குடும்பத்துப் பெரியவர் பூவை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். வாயில் போட்டு மென்றுவிட்டார். பத்துப் பேரும் அவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பிறகு பெரியவர் ஓடுகிற பஸ்ஸில் தள்ளாடி எழுந்து கண்டக்டரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

தை பிறக்க இரண்டு நாள் இருந்தது. அன்று சாயங்காலம் கோட்டைக்கூடக் கழற்றாமல் கோவர்த்தனன் போய் நாராயணவனத்தின் முன்னால் குந்திவிட்டார். அட்டைகளில் ஆயிரத்துக்கு மேல் துளைகள் இருந்தன. நம்புவதற்கு ஒன்றுகூட இல்லை. அரிசி களைந்த தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்ற வந்த செல்லியம்மா, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"துன்னுட்டாங்க" என்றார்.

அவள் பதறிப்போய் யார், எதை என்று கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெரியவர் காலைத் தொட்டுக் கும்பிட்டதைக் கேட்டபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நவுரு" என்றாள்.

அவர் நகர்ந்தார். அவள் பூவைப் பறிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, செடியின் முன் உட்கார்ந்து, ஒரு கதிரின்மேல் குனிந்தாள். கண்ணை மூடி இழுத்தாள். இன்னொரு கதிருக்குப் போனாள். பக்கத்தில் நின்ற புத்தூரையும் மோந்து பார்த்தாள். மறுபடி நாராயணவனத்துக்கு வந்தாள். அவ்வளவு நேரமும் கோவர்த்தனன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் அறுந்த நூலை முடிய நின்ற தறிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

"இல்லய்யா" என்றாள்.

"கொஞ்சங்கூட?"

"ஈர மண்ணு வாசன வருது. புத்தூர்லயும் அதேதான் வருது. பூவுல ஒண்ணும் இல்ல."

எருமைக்காகச் சொல்கிறாய் என்று அவர் சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராக இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்றாள். அவர் அதைச் சொல்லவில்லை.

"இந்த ரெண்டு மாசத்துல மோந்து பாத்துட்டு சொன்னவ நீ ஒருத்திதான்" என்றார்.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். மறுநாள் தொட்டிகளை அவரே தூக்கிக் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் தங்கள் கட்சி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மீதிப்பேர் தோற்றதற்கு ஆறுதலாகக் கொடுக்கிறார்கள் போலும் என்று பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். மதிலோரமாக ஒரு வரிசை மட்டும், பத்தொன்பது தொட்டிகள், போகாமல் நின்றன. இது என்ன என்று செல்லியம்மா கேட்டாள். "அது செடி இல்ல, வேலி" என்றார்.

மாட்டுப் பொங்கலன்று சந்திரன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்தான். நல்ல கறுப்பு, அகன்ற கொம்பு, யாரையும் லட்சியம் செய்யாத பார்வை. செல்லியம்மா அதன் நெற்றியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மச்சான் கையிலிருந்த கயிற்றைக் கோவர்த்தனன் வாங்கி, புதிதாக அடித்த முளையில் அவரே கட்டினார். கட்டிவிட்டு, எருமையின் வாயிலிருந்து முதல் தொட்டி வரைக்கும் அடிமேல் அடி வைத்து அளந்தார். எருமை அவர் பின்னாலேயே ஓர் எட்டு வைத்துக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அவர் திரும்பி வந்து குந்தினார். முடிச்சை அவிழ்த்து, கயிற்றை இரண்டு முழம் உள்ளே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறுக்கிக் கட்டினார்.