குப்பண்ணனின் மூன்றாவது புலி

யுத்த காலத்தில் மழையும் பொய்த்த ஒரு வருஷம். எருமப்பட்டிப் பக்கம் எங்கள் கூட்டுக் கிணற்றில் என் முறைக்குரிய தண்ணீரைப் பெரியப்பா மகன் குப்பண்ணன் மாடு பூட்டி இறைத்துக்கொண்டார். என் ராகிப் பயிர் கருகியது. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

வேலையற்ற அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே ஆறுதல், மாரியம்மன் கோயில் பாறையில் ஆடும் ஆடுபுலி ஆட்டம். அவரும் அங்கேதான் வருவார். அவருக்கு மூன்று புலி, எனக்கு ஆடுகள். அவருடைய புலிகளை நான் நகரவிடாமல் கட்டும்போதெல்லாம் கருகிய பயிருக்குப் பழி தீர்த்தேன்.

"புலியைக் கட்டியாச்சுன்னு அவருகிட்டச் சொல்லுங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம்தான் சொல்வேன்.

"பாத்தாச்சுன்னு அவங்கிட்டச் சொல்லு" என்பார் குப்பண்ணன்.

ஒருநாள் பாறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவருடைய மூன்றாவது புலியையும் கட்டினேன். வெறியில் எல்லாம் மறந்து கத்திவிட்டேன்: "அண்ணா, கட்டிப்போட்டேன் பாருங்க!"

பாறையோரத்து வேப்பமரத்தைப் பார்த்தாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அவர் நிமிர்ந்து சிரித்தார். "பாத்தேஞ் சாமி. இன்னொரு ஆட்டம் போடலாமா?"

"போடலாமுங்க" என்றது என் வாய்.

தண்ணீரைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். அந்தப் பாழாய்ப்போன வருஷத்தில் ஒவ்வொரு காலையும் நான் காத்திருந்தது அவருக்காகத்தான் என்று எனக்கே காட்டிவிட்டாரே, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.