புருல்கானின் தழும்பு எந்தப் பக்கம்?

எங்கள் ஜலால்-அபாத் பஜாரில் தாஷ்தெமிரின் ஸ்டூடியோவுக்கு அடுத்த கடை என்னுடையது. நான் சம்சா சுடுகிறேன். அவன் மனிதர்களைச் சுத்தம் செய்கிறான். பரு, மரு, தலைக்குப் பின்னால் போகும் மின்கம்பி, ஓரமாக நிற்கும் கழுதை, எதுவும் அவன் கணினியில் தப்பாது. மலையிலிருந்து மேய்ப்பன் யாராவது பாஸ்போர்ட் படத்துக்கு வந்தால் கோட்டும் டையும் மாட்டித்தான் அனுப்புவான்.

ஒருமுறை ஒரு குடும்பம், சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பாவைப் படத்திலிருந்து எடுக்கச் சொன்னது. எடுத்துவிட்டு அந்த இடத்தில் டீ கொதிக்கும் ஒரு சமோவாரை வைத்தான். சமாதானம் ஆனதும் சித்தப்பாவைத் திரும்ப வைக்கச் சொல்லி வந்தார்கள். பழைய படம் அவனிடம் இல்லை. டச்சப் செய்ததை அதன் மேலேயே சேவ் செய்வதுதான் அவன் வழக்கம். "துணி துவைச்ச தண்ணிய யாராவது எடுத்து வைப்பாங்களா?" என்று என்னிடமே கேட்டான்.

இந்த இலையுதிர் காலத்தில் புது வீடு கட்டி விருந்து வைத்தான். குதிரைக்கறி வெந்துகொண்டிருந்தபோது, எல்லாரையும் கூப்பிட்டுச் சுவரில் இருந்த திரையை விலக்கினான். அவனும் மனைவி புருல்கானும் இருக்கும் படம், கதவு அகலத்துக்கு.

"யாருடா இந்தப் பொண்ணு, உன் கொழுந்தியாளா?" என்றார் அவன் பெரியப்பா. எல்லாரும் சிரித்தோம். புருல்கான் சிரிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"என் தழும்பு எங்க?"

"எடுத்துட்டேன்," என்றான் பெருமையாக. "சின்ன வேலைதான்."

"இத்தனை வருஷமா அது உன் கண்ண உறுத்திக்கிட்டு இருந்துச்சா?"

கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். விருந்தாளிகளுக்குப் பரிமாறினாள், மிச்சக் கறியைப் பையில் போட்டு ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினாள். மறுநாள் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு அக்ரூட் காட்டு ஓரத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

பனி விழத் தொடங்கியும் வரவில்லை. தாஷ்தெமிர் மூன்று வேளையும் என் சம்சாவைத் தின்றான். என் வியாபாரத்துக்கு நல்லதுதான், ஆனால் ஆளைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை பண்ணினான்: படத்தில் தழும்பைத் திரும்ப வரைந்து, அதை எடுத்துப்போய்க் காட்டி அவளைக் கூட்டிவர வேண்டும். கணினியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் முகம் வெளிறி என் அடுப்புப் பக்கம் வந்தான்.

"அண்ணே, புருல்கானுக்குத் தழும்பு எந்தப் பக்கம்?"

"பொண்டாட்டி உனக்கா எனக்கா?"

"எல்லாப் படத்துலயும் தொடச்சு வச்சிருக்கேன். கல்யாணப் படத்துலகூட!"

உலர்பழக் கடைக்காரி இடது பக்கம் என்றாள். செருப்புத் தைக்கிறவர், தழும்பே கிடையாது என்று அடித்துச் சொன்னார். பஜார் முழுக்க இதே பேச்சு. நாங்கள் கிளம்புவதற்கு முன்பே ஊர் வேனில் ஏறி இந்தச் சேதி மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கோபித்துப் போன மனைவியைக் கூப்பிடப் போகிறவன் ஒரு ஆட்டையும் ஒரு நண்பனையும் கூட்டிப் போக வேண்டும். நண்பன் நான். மாமியார் ஆட்டைப் பிடித்து உள்ளே கொண்டுபோனார். எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

புருல்கான் வந்தாள். கண்ணுக்குக் கீழே முகம் முழுக்கத் துணியைச் சுற்றியிருந்தாள்.

"ஊரெல்லாம் கேட்டியாமே. இப்ப நீ சொல்லு. எந்தப் பக்கம்? சரியாச் சொன்னா இப்பவே கெளம்புறேன்."

இடது, இல்லாவிட்டால் வலது. வேறு எவனாக இருந்தாலும் குருட்டாம்போக்கில் ஒன்றைச் சொல்லியிருப்பான். தாஷ்தெமிர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெரியல புருல். படத்தையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். உன்னப் பாக்கல."

இத்தனை நாள் அவனைக் கிண்டல் பண்ணியவன் நான். அப்போது எனக்கே அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்கே கதவைச் சாத்திவிடுவாளோ என்று பயந்தேன்.

அவள் துணியை அவிழ்த்தாள். இடது பக்கம்தான். சின்ன வயதில் அக்ரூட் மரத்திலிருந்து விழுந்தபோது பட்டது, உதட்டோரத்திலிருந்து தாடை வரை. அவன் கிட்டப் போய், கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"நான் நெனச்சத விடப் பெருசா இருக்கே," என்றான் அந்த மடையன்.

ஆடும் போச்சு, பெண்டாட்டியும் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தேன். சிரிப்பது புருல்கான்தான்.

"பெருசுதான்," என்று வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக் காட்டினாள். "நல்லாப் பாத்துக்க."