சுவரொட்டி வறுவலும் மூன்று வகை ரத்தமும்

என் மனைவிக்கு இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்து அனுப்பியபோது இரண்டு மாத்திரைகள் கொடுத்தார்கள். இரண்டும் ரத்தம் உறையாமல் இருப்பதற்கு. அப்படி உறையாத ரத்தம் எங்காவது கசியும் என்பதால், வீட்டுக்குப் போனவர்களிடம் மாதம் ஒருமுறை போனில் விசாரித்து எழுதிக்கொள்ள அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். பேரையூர்ப் பக்கத்துப் பெண். கிளம்புகிற அன்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"பல் ஈறுல கசியும், தோல் கன்னிப்போகும், கொஞ்ச நேரத்துல தானா நின்னுரும். அது மொத வகை. ஒண்ணும் பண்ண வேணாம். மாத்திரைய மட்டும் நிறுத்திறாதீங்க. நிக்காம வந்து டாக்டர் பாக்குற மாதிரி ஆச்சுன்னா ரெண்டாவது. ஒடம்புல ரத்தமே கொறைஞ்சு ஏத்துற நெலமைக்குப் போனா மூணாவது. கேட்டுக்கங்கண்ணே, மலம் கருப்பா, தார் மாதிரி போச்சுன்னா யோசிக்கவே கூடாது, ஓடி வந்துரணும். வயித்துக்குள்ள கசியுதுன்னு அர்த்தம்."

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவன். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் சாவி கொடுத்து வாங்குகிற வேலை. வந்தவர் அறையைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் சத்தம் இல்லாமல் இருந்தால்கூடக் கதவைத் தட்டிப் பார்க்கிற ஆள். என்னிடம் போய் ரத்தத்தில் மூன்று வகை என்று சொல்லிவிட்டார்கள். காலையில் அவள் பல் விளக்கியதும் செல்போன் லைட்டை அடித்து வாய்க்குள் பார்ப்பேன். அவள் வீட்டிலிருந்தே நைட்டி தைத்துக் கொடுப்பவள். ஊசி குத்தினால் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"வாயத் தொறக்கச் சொல்லி மாடு வாங்குற மாதிரி பாக்குறீங்க. பல்லுக்கு எம்புட்டு வெல வச்சீங்க?" என்பாள்.

சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் நர்ஸுக்குப் போன் போட்டேன். டவுன் பஸ்ஸில் இடிபட்டுக் கை கன்றிப்போனதற்குப் போட்டேன். கொசு கடித்துச் சொறிந்த இடத்துக்கும் போட்டேன். என் குரலைக் கேட்டாலே அந்தப் பெண், "அண்ணே, ஒண்ணாவதா, ரெண்டாவதா?" என்று சிரிக்கும். எல்லாம் ஒண்ணாவதுதான். ஒரே ஒரு முறை மூக்கில் வந்த ரத்தம் நிற்கவில்லை. கூட்டிப்போனோம். பஞ்சு வைத்து அடைத்து, மாத்திரையை விடாமல் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது ரெண்டாவது.

அந்த மூக்கு ரத்தத்தில் அவள் சேலை முந்தி முழுக்க நனைந்திருந்ததைப் பார்த்தேன். போன ரத்தத்தைத் திரும்ப ஊறவைக்க வேண்டும் என்று அதன்பிறகு மனதில் விழுந்துவிட்டது. டாக்டரிடம் கேட்கவில்லை. இது கேட்கிற விஷயம் என்றே தோன்றவில்லை. ரத்தம் ஊற ஆட்டுச் சுவரொட்டி சாப்பிட வேண்டும் என்பது எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆட்டின் மண்ணீரல்தான் சுவரொட்டி. கறிக்கடையில் சொல்லிவைத்து வாங்கி வந்து, சின்ன வெங்காயம், மிளகு போட்டு நானே வறுப்பேன். அதோடு ஆட்டு ரத்தப் பொரியலும் உண்டு.

"என்னைய ரத்தக் காட்டேரி ஆக்காம விட மாட்டீங்க போல," என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டே சாப்பிடுவாள். மிச்சம் வைத்தால் என் முகம் வாடும் என்று தட்டை வழித்துவிடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முந்தின நாள் இரவு ரத்தப் பொரியல் செய்திருந்தேன். கக்கூஸிலிருந்து வந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே, "தார் ரோடு போட்ட மாதிரி போகுதுங்க. எல்லாம் ஒங்க கைப்பக்குவம்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அந்தப் புள்ளைய கொஞ்சம் நிம்மதியா இருக்க விடுங்க. முந்தாநேத்துத்தான் ஈறுன்னு கூப்பிட்டீங்க. ரத்தத்தத் தின்னா கருப்பாப் போகாம செவப்பாவா போகும்?" என்றாள்.

எனக்கும் அது சரியாகப்பட்டது. ரத்தப் பொரியல் கருப்பாகத்தானே இருக்கிறது. கறிக்கடைக்காரரிடம் கேட்டேன். "அப்பிடித்தாண்ணே போகும், ரெண்டு நாளைக்கு," என்றார். எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் லாட்ஜில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். நர்ஸுக்குப் போன் செய்யவில்லை.

புதன்கிழமை முகம் வெளுத்திருந்தது. தையல் மிஷினில் உட்கார்ந்தவள் ரெண்டு தடவை எழுந்து போய்ப் படுத்தாள். வெளுப்புக்கு நான் செய்த வைத்தியம், மறுபடியும் சுவரொட்டி. அதையும் தின்றாள்.

வியாழக்கிழமை காலை குளியலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கையெல்லாம் வேர்த்துச் சில்லென்று இருந்தது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பயப்படாதீங்க," என்று என்னிடம் சொன்னாள்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் கேட்டார். "எப்ப இருந்து கருப்பாப் போகுது?"

எழுமலையிலிருந்து அவளுடைய தம்பி வந்து பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஏதோ வேலையாக மதுரை வந்தவன், நான் போன் செய்ததும் எனக்கு முன்னால் அங்கே வந்துவிட்டான். அவனை ஒரு பார்வை பார்த்தேன்.

"நேத்துல இருந்து சார்," என்றேன்.

உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிகூட இல்லை என்றார்கள். ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றில் புண் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கசிவை நிறுத்தியும்விட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ரத்தம் இல்லாமல் அத்தனை நேரம் அடித்த இதயம்தான் தாங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் போய்விட்டாள்.

காரியத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் அவள் தம்பி, என் மாப்ள, ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "எங்க மச்சான் மாதிரி பாத்துக்கிட்டவரு யாருமில்ல. தன் கையால ஆக்கிப் போட்டாரு." ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வெளியே போய் நிற்பேன்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து நர்ஸ் போன் செய்தார். "அக்காவப் பத்தி எழுதுற தாள முடிக்கணும்ண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

"எழுதிக்கம்மா. மூணாவது வகைதான?"

"ஒங்ககிட்ட மூணுதான் சொன்னேன். மொத்தம் அஞ்சு இருக்குண்ணே. நாலாவது பைபாஸ் பண்ணுறவங்களுக்கு. அஞ்சாவத நாங்க வீட்டுக்காரங்ககிட்ட சொல்றதில்ல."

அது எது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆரம்பிச்ச நாள் புதன்கிழமைன்னு போட்டுருக்கு. சரிதானண்ணே?"

"இல்லம்மா. செவ்வாக்கெழம காலையில."

பொரியல், சுவரொட்டி, கறிக்கடைக்காரரிடம் கேட்டது, டாக்டரிடம் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். "செவ்வாக்கெழமையே ஒனக்குப் போன் போட்டுருந்தா ரெண்டாவதோட போயிருக்குமா?" என்று கேட்டேன்.

"அத என்னால சொல்ல முடியாதுண்ணே," என்றார். "நாள மாத்திட்டேன்."

உண்மையைச் சொன்ன அந்தத் தெம்பு போவதற்குள் மாப்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். வயலில் இருந்தான். பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. "வாரேன் மச்சான்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான்.

அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. மத்தியானம் வந்தவன் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு மத்தியானம் அக்கா எனக்குப் போன் பண்ணுச்சு மச்சான்."

"என்னைக்கு?"

"செவ்வாக்கெழம. இப்பிடிக் கருப்பாப் போகுதுடா, ஒங்க மச்சான்ட்ட சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன், இல்லாட்டி அது பயந்துபோகும். எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு, ஆட்டு ரத்தம் தின்னா இப்பிடிப் போகுமான்னு கேட்டுச்சு." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "போகும்க்கா, இதுக்கெல்லாமா போன் பண்ணுவன்னு திட்டிவிட்டேன். இம்புட்டு நாளா ஒங்ககிட்ட சொல்லத் தைரியம் வரல."

காலையில் என்னிடம் அப்படிச் சிரித்தவள், மத்தியானம்வரை அதை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்து தைத்திருக்கிறாள். ஒரு தடவைகூட அவள் பயந்து நான் பார்த்ததில்லை. பயப்படுகிற வேலையை நான் ஒருத்தனே பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

"வேற என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"வேறொண்ணும் சொல்லல மச்சான். அங்க மழை பேஞ்சுச்சான்னு கேட்டுச்சு."

"பேஞ்சுச்சா?"

"இல்ல," என்றான்.