தொடைக்குக் கீழே ஒளித்த சீட்டு

1986, மாசி மாதம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகர நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்த யேசுரட்ணம், நின்ற நிலையிலேயே முப்பது பக்கம் புரட்டிவிட்டார்.

மன்னாரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர் அவர். கோயில்களுக்குப் புனிதர்களையும் தீட்டியிருக்கிறார். டென்மார்க்குக்கு வந்து ஒன்றரை வருசம். மேசை, கதிரை செய்கிற தளபாடத் தொழிற்சாலையில் கதிரைக் கால்கள் அடுக்குகிற வேலை. இங்கே யாரைக் கீறுவது, யாருக்குக் கீறுவது என்று தூரிகையைத் தொடாமலே இருந்துவிட்டார்.

அந்தப் புத்தகமோ நூறு வருசத்துக்கு முந்தின அமெரிக்க ஓவியர் வில்லியம் சிட்னி மவுண்டைப் பற்றியது. படங்களில் ராசாவும் இல்லை, புனிதரும் இல்லை. களஞ்சியத்தில் பிடில் வாசிக்கிறவன், வயல் வேலை நடுவே கதையளக்கிற கமக்காரர், தோணியில் நின்று ஈட்டியால் விலாங்கு மீன் குத்துகிற கறுப்பினப் பெண். விளங்காத ஒரு வரியை நூலகர் இங்கரிடம் காட்டினார். இந்த ஓவியர் தொழில் பழகியது தமையனின் பெயர்ப்பலகைக் கடையில் என்று அவள் விளக்கினாள்.

யேசுரட்ணம் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார். சைக்கிளை மிதித்த மிதியில் வீடு வந்துவிட்டது.

"விக்ரோரியா, இஞ்ச ஓடி வாரும்! இந்த மனுசனும் போர்ட் எழுதினவராம்!"

"ஆர்?" மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அமெரிக்கன்! சில்லுப் பூட்டின அறை ஒண்டு செய்விச்சு, குதிரையில கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கீறியிருக்கிறார்!"

"முதல்ல சப்பாத்தைக் கழட்டுங்கோ, விரிப்பெல்லாம் பனி," என்றவள், படத்தைப் பார்த்ததும் தானும் பக்கத்தில் குந்திவிட்டாள்.

திங்கட்கிழமை தொழிற்சாலை இடைவேளையில் நாலு பேர் சீட்டு விளையாடினார்கள். யேசுரட்ணம் பென்சிலை எடுத்தார். ஆறு வாரத்தில், கழித்துப்போட்ட ஒட்டுப்பலகையில் அந்த மேசை முழுதாக வந்துவிட்டது: கோப்பிப் போத்தல், எண்ணெய் படிந்த கைகள், சிரிப்பு. கொண்டுபோய்த் தொழிற்சாலைச் சுவரில் சாய்த்தபோது நாலு பேரும் சீட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள்.

அவர்களில் மூத்தவரான அறுபது வயது கிறெஸ்ரன், படத்தில் தன் உருவத்தைக் குனிந்து பார்த்தார்; முகம் சிவந்தது.

"என்ர தொடைக்குக் கீழ சீட்டு இருந்தது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"கண்டனான். கண்டதைத்தான் கீறினனான்."

மேசையே அதிர்ந்தது. "ஏழு வருசமா எங்களை ஏமாத்தியிருக்கிறாய்!" என்று மற்ற மூவரும் அவரைப் பிடித்து உலுக்க, கிறெஸ்ரன் கண்ணீர் வர வரச் சிரித்தார்.

புரட்டாதியில், அதற்குள் அவர் கீறி முடித்த பன்னிரண்டு படங்களை இங்கர் நூலகத்தில் மாட்டினாள். ஒன்றில் விக்ரோரியா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த பஸ் சாரதி ஒருவர் யேசுரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னை எப்போது கீறுவாய் என்று கேட்டார்.

"நாளைக்கே வாறன்!" என்றார் யேசுரட்ணம்.