மாமா கீழே போட்ட பிராசசர்

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம், கேம் விளையாடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாக மாமா சொன்னார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. வருடத்தின் பெரும்பகுதி வடக்கே எங்காவது பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது மட்டும் வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குவார். அப்பாவுக்கு நான்கு விசைத்தறி. கம்ப்யூட்டர் என்றதும் அவர், "படிக்கவா, சுட்டு விளையாடவா?" என்று கேட்டார். படிக்கத்தான் என்று நான் இங்கிருந்தும் மாமா போனிலிருந்தும் ஒரே நேரத்தில் சொன்னோம். அதிலேயே அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

மாமா சொன்ன தொகைக்குள் எல்லாம் அடங்க வேண்டும். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்கள் பட்டியலாகவே நிறைந்தன. கேமின் படங்களை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை நல்லதாகப் போட்டால் பிராசசர் இளைத்துப் போகும். பிராசசரைத் தேற்றினால் ரேம் பாதியாகும். மானிட்டரை அடித்துவிட்டு ஹாலில் இருக்கும் டி.வி. போதும் என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா கூப்பிடுவார். அவர் பக்கத்து ரிக் வண்டிக் கம்ப்ரசரின் இரைச்சலுக்கு மேலே கத்தி, அந்த வாரத்துப் பட்டியலை வாசிப்பேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெட்டிக்குப் பக்கவாட்டில் கண்ணாடி இருக்க வேண்டும், உள்ளே கலர் லைட்டு சுற்ற வேண்டும். அதனால் வேகம் ஒன்றும் அதிகமாகாது என்று பொறுமையாக விளக்கினேன்.

"தெரியுஞ் சாமி. பாக்க நல்லாருக்குமில்ல" என்றார்.

அந்த ஐப்பசியில் மாமா வந்ததும் இருவரும் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். மாடியில் இருந்த சின்னக் கடை. கடைக்காரர் என் பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார். மாமா சொன்னதும் பேனாவை எடுத்தார்.

"தறி ஓடற ஊருங்க. கரண்டு ஏறி எறங்கிக்கிட்டே இருக்கும். எல்லாத்தையும் நல்லாப் பாத்துட்டு எஸ்.எம்.பி.எஸ்.ல போய்க் கொறச்சிருக்கீங்களே. அது போச்சுன்னா மத்ததையும் இழுத்துக்கிட்டுத்தாங்க போகும்."

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. ஒளியும் இல்லை, அழகும் இல்லை. பட்டியலில் கடைசியாக, இருப்பதிலேயே மலிவானதாகப் போட்டிருந்தேன். நல்லதாக மாற்றினால் வேறு ஏதாவது ஒன்று குறைய வேண்டும். நான் கிராபிக்ஸ் கார்டு என்ற வரியைக் கையால் மூடிக்கொண்டேன். மாமா என் கையைப் பார்த்தார். பிறகு, "கண்ணாடிப் பொட்டி வேண்டாமுங்க. சாதாத் தகரத்துல ஒண்ணு குடுங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

கடைக்காரர் அவரே எல்லாவற்றையும் மாட்டித் தருவதாகச் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனையோ வீடியோ பார்த்துவிட்டு வந்தவள், இன்னொருவர் மாட்டிக் கொடுத்ததைத் தூக்கிக்கொண்டா போவேன்? "பாப்பாவே மாட்டட்டுமுங்க" என்றார் மாமா. பிராசசரின் அடியில் முடிபோல மெல்லிய கால்கள் இருக்கும், வளைந்தால் கம்பெனி மாற்றித் தராது என்று கடைக்காரர் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து, மத்தியான வெயில் விழுந்த ஹாலில் எல்லாவற்றையும் பரப்பினோம். அடுத்த அறையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிராசசரை இரண்டு விரலில் தூக்கி, அதன் கால்களை மாமாவுக்குக் காட்டினேன். தங்க நிறத்தில் வரிசை வரிசையாக நின்றன. "பிரஷ் மாதிரி இருக்குது சாமி" என்றார் மாமா. இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டப் போனேன். நழுவியது.

அதன் ஒரு மூலை சிமெண்டுத் தரையில் பட, கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் ஏழு கால்கள் படுத்துக் கிடந்தன. நான் அழுத சத்தத்தில் அப்பா ஒரு தறியை நிறுத்திவிட்டு வந்தார். வாசற்படியில் அவர் கால் வைப்பதற்குள் பிராசசர் மாமாவின் உள்ளங்கையில் இருந்தது.

"நாந்தானுங்க மச்சான். கை வழுக்கிருச்சுங்க" என்றார் மாமா.

அப்பா அதையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தார். "இத்துனூண்டு சாமான் கையில நிக்கலையா மாப்ள? இரும்பத் தூக்கற கை வேற எதுக்கு ஆகும்?" என்றார். மாமா சிரித்தபடி நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா போனதும் அம்மா தையல் ஊசியோடு வந்தார். தறியில் அறுந்த இழைகளை எடுத்துக் கோத்துக் கோத்துப் பழகிய விரல். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக நிமிர்த்தினார். நானும் மாமாவும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஏழும் நின்றன. சாயங்காலம் எல்லாம் மாட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டதும் டி.வி. திரையில் எழுத்துகள் ஓடின. மாமா என்னைத் தூக்கிச் சுற்றியதில் தகரப்பெட்டி ஒரு உதை வாங்கியது.

அந்த முறை மாமா சொன்ன நாளுக்கு முன்னமே கிளம்பிவிட்டார். ரிக் வண்டி வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். இனி கம்ப்யூட்டர் முழு நேரமும் எனக்கே என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன்.

பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர்ந்த சமயம், பேச்சுவாக்கில் அம்மா சொன்னார். அந்த ஐப்பசியில் மாமா ஊரோடு தங்கிவிடும் எண்ணத்தில்தான் வந்திருந்தாராம். அப்பாவோடு கூட்டுச் சேர்ந்து இரண்டு தறி போடக் கேட்டிருந்தாராம். அப்பாவும் யோசித்துக்கொண்டிருந்தாராம். பிராசசர் விழுந்த மறுநாள், கை நிதானம் இல்லாதவனை நம்பி நூலையும் தறியையும் எப்படி விடுவது என்று மறுத்துவிட்டாராம்.

நான் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நான்கு தறியையும் நிறுத்திவிட்டுக் கேட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே மாமாவைப் போனில் கூப்பிட்டு, "வந்துருங்க மாப்ள" என்றார். இப்போது எங்கள் கூடத்தில் ஆறு தறி ஓடுகிறது.

தறி விஷயம் நடுவில் இருக்கும்போது பழியை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று மாமாவிடம் ஒருநாள் கேட்டேன். "நீ அழுதுட்டு நின்ன சாமி. வேற ஒண்ணும் தோணல" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு என்னை ஒரு திட்டிலிருந்து காப்பாற்றினார் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். திட்டு, கேட்டவுடன் தீர்ந்துபோகும் என்பது அந்த வயதின் எண்ணம். அவர் மேலும் மூன்று வருடத்துக்கு மேல் பாறையும் புழுதியுமாகக் கிடந்தது அந்தப் பழியால்தான் என்பது, திரைக்கு முன்னால் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த எனக்குத் தெரியாது.