குழுவுக்குப் போன பதில்

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒரு தமிழரைக் கண்டால் எந்த ஊர், யாருடைய பிள்ளை, கூடப்பிறந்தவர்கள் எங்கே என்று விசாரித்து முடிக்கும்வரை தேத்தண்ணி தொண்டையில் இறங்காது. எனக்கு அது கொஞ்சம் கூடுதல். உளவு பார்க்கப் பிறந்தவள் என்று என் கணவர் நக்கலடிப்பார். எண்பதுகளின் நடுப்பகுதியில், டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் டேனிஷ் ஓரளவு கதைக்கக்கூடிய தமிழர்கள் சிலரே இருந்தோம். அதனால் அந்த வாய்க்குப் பொலிஸில் மொழிபெயர்க்கும் வேலை கிடைத்தது.

ஒருநாள் கோபன்ஹேகனிலிருந்து உளவுப்பிரிவு அதிகாரி ஒருவர் வந்தார். அகதியாக வந்திருந்த ஓர் இளைஞனிடம், எந்த வழியாக வந்தான், யார் கூட்டிவந்தார்கள் என்றுதான் கேட்டார். நடுவில் கோப்பி எடுக்க எழுந்து போனார். இளைஞன் மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது.

"தம்பி எவடம்?" என்று கேட்டேன். எனக்குப் பக்கத்து ஊர். அவ்வளவுதான், வாய் நிற்கவில்லை. "வீட்டில ஆர் ஆர் இருக்கினம்?"

"அம்மாவும் அண்ணையும், அக்கா. அண்ணையை ஆமி தேடுது. கொழும்பில ஒளிச்சிருக்கிறார்."

"கொழும்பில எவடத்தில?"

அங்கே என் மாமி ஒருத்தி இருந்தா. அந்தப் பக்கமோ என்று அறியும் ஆசை. அவன் தெருவின் பெயரோடு வீட்டு இலக்கத்தையும் சொன்னான். அந்த நேரம் பார்த்து அதிகாரி கோப்பியோடு வந்து, "என்ன சொல்கிறார்?" என்றார். அறைக்குள் பேசிய எதையும் மறைக்கக்கூடாது என்பது எங்களுக்கு விதி. நாமாக எதையும் கேட்கக்கூடாது என்பதும் விதிதான். முதலாவது மட்டும்தான் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

இளைஞன் பிறகு பயந்துவிட்டான். இந்தக் காகிதம் கைமாறிக் கைமாறிக் கொழும்புக்குப் போய்விட்டால்? அவனுடைய வக்கீல், உளவுப்பிரிவைக் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கு முறைப்பாடு எழுதினார். குழு உளவுப்பிரிவிடம் விளக்கம் கேட்டது. ஊரில் இருக்கும் உறவினர்களைப் பற்றி அகதிகளிடம் கேள்வி கேட்டீர்களா? கேட்டிருந்தால் அந்தத் தகவலைக் கோப்பிலிருந்து அழிக்க வேண்டும்.

சில மாதங்கள் கழித்து அதே அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேசையில் குழுவுக்கான பதில் தயாராக இருந்தது. நான் ஏதோ பெரிய ரகசியமெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு பக்கம்கூட இல்லை. குழு கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. அதிகாரி உறவினர்களைப் பற்றிக் கேள்வி எதுவும் கேட்கவில்லை, அந்த இளைஞர் தாமாகவே சொன்னார் என்று இருந்தது.

"நான் அப்படி ஏதாவது கேட்டேனா?" என்றார்.

"இல்லை."

"அப்படியானால் சாட்சியாக இங்கே கையெழுத்திடுங்கள். தாமாகச் சொன்னதை நாங்கள் அழிக்கத் தேவையில்லை."

கேட்டது நான் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த விலாசம் அழிந்திருக்கும். என் வேலையும் போயிருக்கும். அந்த வேலையால்தான் இந்த ஊரில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. கையெழுத்திட்டேன். அதிகாரி கேட்கவில்லை என்று எழுதியிருந்தது பொய்யில்லையே என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் தபாற்கந்தோரில் அந்த இளைஞன் என்னைக் கண்டு ஓடி வந்தான்.

"அக்கா, உங்களையும் கூப்பிட்டுக் கேட்டவையாம், வக்கீல் சொன்னவர். அண்ணையின்ர விலாசத்தை அழிச்சுப்போட்டாங்களோ?"

"ஓம்" என்றேன். அவன் முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

"அப்பாடா! நான் பயத்தில வீடு மாறச் சொல்லி எழுதினனான். கொழும்பில தமிழ்ப் பெடியனுக்கு இப்ப ஆர் வீடு குடுப்பினம்? அங்கயே இருக்கச் சொல்லி எழுதிப்போடுறன்."

வான்கடிதத் தாள் வாங்க அவன் வரிசைக்குத் திரும்பினான். அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழுதாதை தம்பி. அழிக்கேல்லை. நீயாச் சொன்னதெண்டு எழுதியிருக்கினம். நானும் கையெழுத்துப் போட்டனான். உடன வீடு மாறச் சொல்லு."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் என் கையை மெல்ல விலக்கிவிட்டான்.

"அவங்கள் கேட்டிருந்தால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டன் அக்கா. நீங்கள் கேட்டபடியாத்தான் சொன்னனான்."