ஐரின் டீச்சரின் எடை நோட்டு

ஐரின் டீச்சர் ஒரு குழந்தையை எடை போடும் முன் அதன் மேல் இருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிடுவார். கொலுசு, வளையல், தலையில் குத்திய கிளிப், அரைஞாணில் தொங்கும் தாயத்து எல்லாம் அவருடைய இடது கைக்குள் போய்விடும். பிறகு முந்தானையால் மெஷினைத் துடைப்பார். எண் வந்ததும் மூன்று முறை சொல்வார். ஒரு முறை தனக்கு, ஒரு முறை குழந்தையின் அம்மாவுக்கு, ஒரு முறை நோட்டில் எழுதும்போது. ஒன்பது வருடமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். ஒரு மாதம்கூட இது மாறியதில்லை.

எங்கள் பால்வாடி மயிலாப்பூரில், கால்வாயை ஒட்டிய ஹவுசிங் போர்டு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஒரு ஜன்னல். டீச்சர் வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால். அவர் அப்பாவும் இரண்டு அத்தைகளும் பள்ளிக்கூட ஆசிரியர்கள். இருபத்து நாலு வயதில் இந்த வேலைக்கு வந்தபோது ஒரு அத்தை, "இவ்ளோ படிச்சது கால்வாக்கரைப் பசங்களுக்கு மூக்குத் தொடைக்கவா?" என்று கேட்டாராம். டீச்சர் அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். "தொடைச்சேன். இன்னும் தொடைச்சுக்கினுதான் கீறேன்" என்று எங்கள் பேச்சிலேயே முடிப்பார்.

அவர் வந்தபோது இங்கே கட்டடம் இல்லை, குடிசைகள்தான். அந்த வருட மழையில் பதினொரு பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் பேதி. டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை உப்புத் தண்ணீர் கலக்கக் காட்டிக்கொடுத்தார். இரண்டு பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு வார்டு ஆபீசுக்கு நடந்தார். எட்டாவது நடையில் தெருவுக்குக் குழாய் வந்தது. தடுப்பூசி நாளில் கதவைச் சாத்திக்கொள்ளும் வீடுகளின் வாசலில் கதவு திறக்கும்வரை உட்கார்ந்திருப்பார். வயசுக்கு வந்ததும் பள்ளியை நிறுத்திய பெண்களின் வீடுகளுக்கும் போவார்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல், அவர் வேலை செய்த அபிராமபுரம் வீட்டுக்கு நான் பாத்திரம் தேய்க்கப் போனேன். டீச்சர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு யார் முன்னாலும் வாய் வராது. அவர் அம்மாவிடம் பேசிவிட்டு, கதவைப் பார்த்து, "சூடாமணி, நான் போறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். பல வருடம் கழித்துப் பால்வாடிக்கு உதவியாளர் வேலை வந்தபோது, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று என்னை மனுப் போட வைத்ததும் அவர்தான்.

இரண்டு வருடம் முன்பு நந்தனம் காலேஜிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்காக வந்தாள். நாடு நிலையாக வளர்வதற்குப் பால்வாடி, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இதெல்லாம் என்ன செய்திருக்கிறது என்று கேட்டாள். டீச்சர் யோசித்தார். பிறகு பீரோவைத் திறந்து எடை நோட்டுகளை எடுத்துப் போட்டார். முப்பத்து சொச்சம் நோட்டுகள்.

"எனக்குப் பேசத் தெரியாதும்மா. மொத நோட்டுல செவப்பு மை எத்தன இருக்குன்னு எண்ணு. இப்ப இருக்கிற நோட்டுலயும் எண்ணு. இதுல இருக்கிறதெல்லாம் நெசம். அத மட்டும் நான் சொல்ல முடியும்."

அந்தப் பெண் எண்ணினாள். முதல் நோட்டில் நாற்பது பிள்ளைகளில் பத்தொன்பது சிவப்பு. புதிய நோட்டில் இருபத்தெட்டில் ஒன்று.

வயதுக்கு ஏற்ற எடை இருந்தால் பச்சை மையில் எழுதுவார். கொஞ்சம் குறைந்தால் மஞ்சள். ரொம்பக் குறைந்தால் சிவப்பு. மஞ்சளில் பாதிப் பிள்ளைகள் இருப்பார்கள், யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, தனியாகச் சத்துணவு, வாரா வாரம் டீச்சர் நம் வீட்டுக்கு வருவது என்று எல்லாம் நடக்கும். தெரு முழுக்கத் தெரியும்.

போன ஜூன் மாதம் என் மகள் ஷண்முகப்ரியாவுக்கு இரண்டரை வயது. அவள் மெலிகிறாள் என்பது எனக்குத் தெரியும். காரணமும் தெரியும். முப்பது பிள்ளைகளுக்குச் சமைக்கும்போது அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள். அழுகை நிற்க ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவேன். அதைத் தின்றால் சோறு இறங்காது. மற்றப் பிள்ளைகளுக்கு உருட்டி ஊட்டிய கை என்னுடையது. அவளுக்கு மட்டும் பாக்கெட்.

எடை போடும் நாளுக்கு முந்தின நாள் குழாயடியில் தஹ்சீன் என்னைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகனும் எங்கள் பால்வாடியில்தான். வாய் நீளம், மனசில் ஒன்றும் இருக்காது.

"இன்னாக்கா, ஷண்மு இப்டி நோஞ்சானா கீது? ஊருக்கெல்லாம் முட்ட அவிச்சுப் போடுற, உன் வூட்டு அடுப்பு எரியலியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"போன வருசம் என் புள்ள செவப்புல வந்தப்ப டீச்சரோட வந்து எனுக்குப் புத்தி சொன்ன இல்ல? நாளைக்கு உனுக்கு யார் சொல்றாங்கன்னு பாக்குறேன்" என்றாள்.

அது உண்மை. அவள் வீட்டில் நின்று, பிள்ளைக்குப் பாக்கெட் வாங்கித் தராதே என்று சொன்னவள் நான்.

ஷண்மு மெஷினில் தனியாக நிற்க மாட்டாள், அலறுவாள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. நான் மெஷினில் ஏறி நிற்பேன். டீச்சர் பட்டனை அழுத்தி என் எடையைப் பூஜ்யம் ஆக்குவார். பிறகு பிள்ளையை என் கையில் கொடுப்பார். மெஷின் பிள்ளையின் எடையை மட்டும் காட்டும்.

மெஷின் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். டீச்சர் குனிந்து பட்டனை அழுத்தும்போது என் முழங்கையை ஜன்னல் கட்டையில் லேசாக ஊன்றினேன். பூஜ்யம் வந்து, அவர் பிள்ளையை என் கையில் கொடுக்கும்போது எடுத்துவிட்டேன். அவ்வளவுதான். கட்டை தாங்கிய என் கனம் ஷண்முவின் எடையோடு சேர்ந்துகொண்டது.

"ஒம்போது அறுநூறு" என்றார் டீச்சர் தனக்கு. என்னைப் பார்த்து, "ஒம்போது அறுநூறு, சூடா." எழுதும்போது, "ஒம்போது அறுநூறு."

மஞ்சள். அவர் இடது கையைத் திறந்து ஷண்முவின் கொலுசை என்னிடம் கொடுத்தார்.

ஜூலையிலும் செய்தேன், ஆகஸ்டிலும் செய்தேன். எவ்வளவு ஊன்றினால் எவ்வளவு ஏறும் என்று என் கைக்குப் பழகிப்போனது. மாதம் நூறு கிராம் கூடுவதுபோல் வந்தது. "பரவால்ல, ஏறிக்கினு வருது" என்று டீச்சர் சந்தோஷப்பட்டார்.

செப்டம்பரில் மருத்துவக் குழு வந்தது. டாக்டர் அம்மா தன்னுடைய மெஷினில் பிள்ளைகளை எடை போட்டார். கூட வந்த நர்ஸ் ஷண்முவை என் கையிலிருந்து வாங்கித் தானே ஏறி நின்றாள். எட்டு எழுநூறு. நோட்டில் போன மாதம் ஒன்பது எண்ணூறு.

"இது யார் எழுதினது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான் டாக்டர்" என்றார் ஐரின் டீச்சர்.

"ஒரு கிலோவுக்கு மேல வித்தியாசம். கண்ணு இமையப் பாருங்க, ரத்தமே இல்ல. மூணு மாசம் முன்னாடியே அனுப்பியிருக்க வேணாமா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நோட்டைப் பார்த்தார். நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை. வேறு இரண்டு பிள்ளைகளுக்கு இருநூறு, முந்நூறு கிராம் வித்தியாசம் வந்தது. அது எப்போதும் வருவதுதான். அன்று டீச்சர் அதையும் தன் தவறுகளோடு சேர்த்துக்கொண்டார்.

ஷண்முவுக்கு ரத்தம் ஏழு புள்ளிதான் இருந்தது, பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். மருந்து ஆரம்பித்தார்கள். தெருவில் தெரிந்தது. நான் பயந்த மாதிரி யாரும் சிரிக்கவில்லை. தஹ்சீன் பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நான் சும்மா வெளாட்டுக்குச் சொன்னேன்க்கா, மன்சுல வெச்சுக்காத" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீச்சர் மாறிப்போனார். இடது கண்ணில் புரை ஆரம்பித்திருப்பதாகக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் முன்பே சொல்லியிருந்தார்கள். "எட்ட ஒம்போதுன்னு பாத்திருக்கேன் சூடா. ஒரு தடவ இல்ல, மூணு தடவ. அதுவும் உன் புள்ளைக்கு" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதம் எடை நாளில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே நீ பாத்து நம்பரச் சொல்லு. நான் எழுதறேன். உன் கண்ணு நல்ல கண்ணு."

நான் இருபத்தெட்டுப் பிள்ளைகளின் எண்ணையும் படித்துச் சொன்னேன். ஒவ்வொன்றையும் அவர் ஒரே ஒரு முறை சொல்லி எழுதினார்.

அதோடு நிற்கவில்லை. வேலையிலிருந்து விடுவிக்கும்படி கடிதம் எழுதினார். ஓய்வுக்கு ஏழு மாதம்தான் இருந்தது. "ஏழு மாசத்துல இன்னும் எத்தன புள்ளைக்குத் தப்பா எழுதுவேனோ" என்றார். சூப்பர்வைசர் ஸ்ரீரஞ்சனி மேடம் தி.நகர் ஆபீசில் வெள்ளிக்கிழமை இருப்பார், நேரில் கொடுக்கப் போகிறேன், நீயும் கூட வா என்று கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஒரு பஸ் வந்தது. டீச்சர் என் தோளைத் தொட்டார்.

"என்ன நம்பர்னு பாத்துச் சொல்லு சூடா."

இந்த ஸ்டாப்பில் முப்பத்தைந்து வருடமாக பஸ் ஏறுபவர். பெரிய எழுத்தில் நம்பர் போட்டிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்கும். தன் கண்ணை நம்பிப் படியில் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் நம்பரைச் சொல்லவில்லை.

"உங்க கண்ணு சரியாதான் பாத்துது டீச்சர்" என்றேன். "மெஷின்லயே ஒம்போதுதான் காட்டுச்சு. நான்தான் கைய ஊனினேன்."

அவருக்குப் புரியவில்லை. "எங்க ஊனின?"

பஸ் ஸ்டாப்பின் கம்பியில் முழங்கையை வைத்துக் காட்டினேன். வைத்தேன், எடுத்தேன். அவர் என் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.

"மூணு தடவயும்?"

"மூணு தடவயும்."

"டாக்டர் கேட்டப்ப பக்கத்துலதானடீ நின்ன?"

"நின்னேன் டீச்சர்."

"ராத்திரில எழுந்து காலண்டர் தேதியப் படிச்சுப் பாத்துக்கினு இருந்தேன் சூடா. தெரியுதா, தெரியலியான்னு. எங்க வீட்ல கேலி பண்ணாங்க." குரல் உயரவில்லை. "அது போகட்டும். செவப்புல வந்திருந்தா ஜூன்லயே மருந்து குடுத்திருப்பாங்க. உன் கையில இருக்கிற புள்ளடீ அது. எந்த வெக்கத்துக்குப் பயந்த நீ?"

தஹ்சீன் சொன்னதைச் சொல்ல வாய் எடுத்தேன். அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த பஸ் வந்தது. டீச்சர் நம்பரைத் தானே பார்த்தார். "நீ வர வேணாம். அடுப்பப் போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

மாலை திரும்பி வந்தார். கடிதத்தைக் கொடுக்கவில்லை. "நடந்ததச் சொல்லிட்டேன். யார்னும் சொல்லிட்டேன். மறைக்கிறதுக்கு என்னால ஆகாது" என்றார். நோட்டை எடுத்து, மூன்று எண்களின் மேலும் என் கண் முன்னால் குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் "தவறான எடை" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். என்னிடம் விளக்கம் கேட்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு முதல் முறையாக முழுத்தாளில் எழுதினேன். என் பிள்ளை சிவப்பில் வருவதை மறைப்பதற்காகச் செய்தேன் என்ற ஒரு வரியை எழுத அரை நாள் ஆனது. என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

ஐரின் டீச்சர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். எடையை மறுபடி அவரே பார்க்கிறார், எண்ணை மூன்று முறை சொல்கிறார். பிடித்து நிறுத்த வேண்டிய பிள்ளைகளுக்கு அந்தந்தத் தாயையே ஏறி நிற்கச் சொல்கிறார். ஷண்முவுக்கு என் கணவர் வந்து நிற்கிறார். அந்த நேரம் நான் அறைக்கு வெளியே அரிசி களைய வேண்டும். அது டீச்சரின் ஏற்பாடு. வேலைக்குத் தேவையானதை என்னிடம் பேசுகிறார், மற்றப் பேச்சு இல்லை. இந்த மாதம் ஷண்முவின் எடை பத்து கிலோ நூறு. மஞ்சளில் இருக்கிறாள். தஹ்சீனிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.